மூச்சை உள்ளே இழுங்கள், மேயரம்மா

போன வாரம் படாரென்று சாத்திய கதவு இந்த வாரமும் சாத்தியபடியேதான் இருந்தது.

தையல் கடையைத் தாண்டி வீட்டுக்குள் போகிற வழியில், இடது கைப் பக்கம், அக்காவின் அறைக் கதவு. கடைக்குப் போக அது திறக்கும். சாப்பாட்டுக்குத் திறக்கும். மேயர் வீட்டில் இருக்கிற நேரத்தில் மட்டும் திறக்காது.

இதில் நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழித்தவர் மாஸ்டர். ஊருக்கே மேயராக இருப்பவள் அவர் மனைவி. கதவுக்குப் பின்னால் இருப்பவள் அவர் அக்கா. அவரோ கையில் கத்தரிக்கோலோடு நிற்கும் சாதாரணத் தையல்காரர். எந்தப் பக்கம் வெட்டினாலும் துணி வீணாகிவிடும் என்பது போல ஒரு வாரத்தைத் தள்ளியிருந்தார்.

எல்லாம் அந்த நீச்சல் குளத்தால் வந்தது.

மேயருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விளையாட்டு என்பது மெடல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இல்லை, வேலை முடிந்து வருகிறவனுக்கும் வீட்டில் அடைந்து கிடப்பவளுக்கும்தான் என்பாள். பூட்டிக் கிடந்த மைதானங்களை எல்லாம் திறந்துவிட்டாள். பூங்காவில் பூப்பந்துக்குக் கோடு போட்டு விளக்கும் போட்டாள். கடைசியில், வறண்டு போய் காலி பாட்டில் வீசும் குழியாகிவிட்ட ஊர் நீச்சல் குளத்தைப் பழுது பார்த்துத் தண்ணீர் நிரப்பினாள். காலை வேளை முழுக்கப் பெண்களுக்கு மட்டும் என்றாள்.

மன்றத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்தார். எந்தக் காலி இடத்தைக் கண்டாலும் "இங்க வண்டி நிறுத்தலாமே" என்கிற மனுஷர். ஊரில் அவருக்குப் பார்க்கிங் என்றே பெயர்.

"பெண்கள் யாரும் வரப்போறதில்லை. முதல் நாளே யாரும் இறங்கலைன்னா மண்ணைக் கொட்டி மூடிடலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா மூடுங்க" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டாள் மேயர். அதோடு விட்டாளா? மைக்கை இன்னும் கிட்டே இழுத்து, "மாடிப்படி ஏற முடியாம முட்டி வலியில தவிக்கிற என் நாத்தனார்தான் முதல் ஆளா இறங்கப் போறாங்க" என்றாள்.

நாத்தனாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாத்தனாரை ஊரில் டேப் அக்கா என்பார்கள். கழுத்தில் மாலை மாதிரி இன்ச் டேப் கிடக்கும். கடையில் பெண்களுக்கு அளவு எடுப்பவள் அவள்; வெட்டித் தைப்பவர் தம்பி. முட்டி வலி வந்து வருஷமாகிறது. ஆனால் அளவு எடுக்கக் குனியும்போது முகத்தில் ஒரு சுளிப்பு வந்ததில்லை. அந்த நேரம் பார்த்து ஏதாவது ஜோக் அடிப்பாள். வலி சிரிப்பில் போய்விடும்.

மைக்கில் சொன்ன மறுநாளிலிருந்து வருகிற பெண்கள் எல்லாம், "நீங்க குனியாதீங்கக்கா, டேப்பை நானே பிடிச்சுக்கறேன்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்றைக்குத்தான் குளம் திறக்கும் நாள்.

காலையில் மாஸ்டர் ரொட்டியில் வெண்ணெய் தடவி அக்காவிடம் நீட்டினார்.

"இன்னைக்குத் திறக்கறாங்க" என்றார்.

"எதை?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? என்னைப் பத்தி ஊருக்கே தெரிஞ்சப்புறம்தானே எனக்குத் தெரியுது."

மாஸ்டர் தேநீரை ஊதினார். ஆறிப்போன தேநீர்தான்.

"அவளும் நல்லதுக்குத்தான்..."

"என் முட்டி என்ன ஊர்ப் பொதுச் சொத்தா? நாளைக்கு என் பல்லைப் பத்திப் பேசுவா. அப்புறம் என் குறட்டை."

"குறட்டை நிஜமாவே ஊருக்குக் கேக்குது."

அக்கா முறைத்தாள். உதட்டோரம் துடித்தது. உடனே இறுக்கிக்கொண்டாள்.

மாஸ்டருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பெண்கள் குளத்துக்கு வரத் தயங்கியதற்கு முதல் காரணம், என்ன போட்டுக்கொண்டு இறங்குவது என்பதுதான். அதற்காக அவரே நீச்சல் உடைகள் தைத்திருந்தார். கழுத்து மூடி, கை முழுசாக, கால் முழுசாக. அளவுகள் எல்லாம் அக்கா முன்னாலேயே எடுத்து வைத்தவை. ஆனால் புது உடுப்பு என்றால் வெட்டுமுன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்பது அவர் வழக்கம். இந்த வாரம் எதைக் கேட்டாலும் "மேயரம்மாவையே கேளு" என்று பதில் வந்ததால் கேட்கவில்லை. மழைக்கோட்டுக்குப் போடுகிற மாதிரி நெருக்கமாக நெய்த துணியாக எடுத்தார். தண்ணீரில் துணி மேலே ஏறிவிடக் கூடாதே என்று கணுக்காலிலும் மணிக்கட்டிலும் நல்ல இறுக்கமாக எலாஸ்டிக் வைத்தார்.

அவர் ஜென்மத்தில் தண்ணீரில் இறங்கியவர் இல்லை.

வாங்கிப் போன பெண்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "டேப் அக்கா வர்றாங்கல்ல? அவங்க இறங்கினா நாங்களும் இறங்கறோம்."

மாஸ்டர் பையைக் கையில் கொடுத்துவிட்டு, "வெயில் ஜாஸ்திதான்" என்று சொல்லி அனுப்பினார்.

வாசலில் மேயரின் கார் வந்து நின்றது. மேயர் இறங்கி நேராகக் கடைக்குள் வந்தாள். அக்கா சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு பொத்தான் டப்பாவைக் கிளறினாள்.

"இங்கேயே போட்டுக்கிட்டு, மேல கோட்டு மாட்டிட்டுப் போயிடறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, தன் உடையை எடுத்துக்கொண்டு அளவு பார்க்கும் அறைத் திரைக்குப் பின்னால் போனாள்.

திரைக்குப் பின்னால் துணி சரசரத்தது. பிறகு, "என்னங்க. கொஞ்சம் வாங்களேன்."

மாஸ்டர் போனார். முதுகில் ஜிப் பாதியில் நின்றிருந்தது. இழுத்துப் பார்த்தார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"உள் துணியைக் கடிச்சிருக்கு."

"அண்ணின்னா ஒரு நொடியில எடுத்துடுவாங்க."

"கூப்பிடேன்."

"நீங்க கூப்பிடுங்க."

வெளியே கார் ஹாரன் அடித்தது. பொத்தான் டப்பா பக்கமிருந்து குரல் வந்தது. "டிராயர்ல மெழுகுவர்த்தித் துண்டு இருக்கு. தேய்ச்சுப் பாருடா."

தேய்த்தார். அசையவில்லை.

அக்கா பெருமூச்சு விட்டாள். செருப்பு தேய வந்து திரையை விலக்கினாள். தம்பியை ஒரு கையால் ஓரம் தள்ளினாள்.

"தம்பி, மேயரம்மாவ மூச்சை உள்ள இழுக்கச் சொல்லு."

"என்னங்க, இழுத்த மூச்சுதான் இன்னும் உள்ள நிக்குதுன்னு அண்ணிகிட்ட சொல்லுங்க."

"அப்ப அதையும் தாண்டி இழுக்கச் சொல்லு."

மாஸ்டர் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பினார். கை எட்டும் தூரத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் தபால்காரர் வேலை.

ஜிப்பைப் பிடித்த அக்காவின் விரல்கள் நின்றன. தொட்ட முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது.

"குளிருதா?" நேரடியாகக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"இல்லை அண்ணி."

"பின்ன என்ன நடுக்கம்?"

மேயர் கண்ணாடியைப் பார்த்தாள். மன்றத்தில் எத்தனையோ பேர் கத்தும்போது அசையாத முகம் இப்போது வெளிறிக் கிடந்தது.

"தண்ணின்னா பயம். வாளியில முகத்தை விடச் சொன்னாக்கூட மாட்டேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் இது அவருக்கே புதுச் செய்தி.

"அப்புறம் எதுக்குடி அந்தக் குளத்தைத் திறந்தே?"

"எனக்குப் பயம்னா ஊருக்கும் வேண்டாமா?"

அக்கா ஜிப்பை மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

"அதான் உங்க பேரைச் சொல்லிட்டேன்" என்றாள் மேயர். "நீங்க முன்னால போனா, நான் உங்க பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்துடலாம்னு. முட்டியைப் பத்திப் பேசியிருக்கக் கூடாது. கேட்டிருக்கணும். மைக்கைப் பிடிச்சா எனக்கு வாய் நிக்கறதில்லை அண்ணி."

ஜிப் சரக்கென்று மேலே ஏறியது.

"கேட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாள் அக்கா. கோட்டை எடுத்து மேயரின் தோளில் போட்டாள். "போ. கார் நிக்குது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பொத்தான் டப்பாவுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

மாஸ்டர் கடைச் சாவியை அவளருகே வைத்துவிட்டு மனைவியோடு காரில் ஏறினார்.

நீச்சல் குளத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. அதன் வாசல் பெஞ்சில் பார்க்கிங் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் நேரத்தில் ஆண்கள் உள்ளே போக முடியாது. அதனால் மாஸ்டருக்கும் அந்தப் பெஞ்சுதான் கதி.

மேயர் யாரையும் பார்க்காமல் விறுவிறு என்று உள்ளே போனாள். வாசலை ஒட்டிய மரத்தடியில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லார் கையிலும் மாஸ்டர் கடைப் பை. ஒருத்தரும் நகரவில்லை.

"மாஸ்டர், நீங்க தச்சதுல இன்னைக்கு ஒண்ணாவது நனையுமா?" என்றார் பார்க்கிங்.

"பொறுங்க."

"நான் பொறுத்துக்கறேன். லாரிக்காரன் பொறுக்கணுமே. மண்ணுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரத்தடியில் தலைக்குட்டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் நின்ற ஒரு முதுகு அவர் கண்ணில் பட்டது. அந்த முதுகின் அளவு அவருக்கு மனப்பாடம். "வீட்ல சொல்லிடாதீங்க மாஸ்டர்" என்று கெஞ்சிக் கேட்டுத் தைத்துக்கொண்டு போன முதுகு. அது பார்க்கிங்கின் மனைவி.

மாஸ்டர் அவசரமாகத் தேநீர்க் குவளைக்குள் பார்வையைப் புதைத்தார்.

அப்போதுதான் தெருமுனையில் அக்கா தெரிந்தாள்.

நடந்தே வந்திருக்கிறாள். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, கழுத்தில் டேப், தோளில் பை. பாதி வழியில் ஒரு கம்பத்தைப் பிடித்து நின்றாள். யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் முட்டியைத் தேய்த்துவிட்டாள். மறுபடி நடந்தாள்.

மரத்தடிக்கு வந்ததும் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னம்மா, நின்னுக்கிட்டே இருந்தா நான் எடுத்த அளவு பத்தாம போயிடும். வாங்க."

யாரோ சிரித்தார்கள். கூட்டம் அசைந்தது. தலைக்குட்டையும் அசைந்தது.

அக்கா தெருவைத் தாண்டி பெஞ்சுக்கு வந்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள்.

"தம்பி, இதைப் பிடி."

தூங்கும்போதுதான் அவள் அதைக் கழற்றுவாள். மாஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் வாசலுக்குள் நுழைந்தார்கள். பார்க்கிங்கின் கால் மேலிருந்த கால் கீழே இறங்கியது.

"உள்ள போனா ஆச்சா? இறங்கணும்" என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

மாஸ்டர் பெஞ்சில் சாய்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக நிதானமாக மூச்சு விட்டார். இன்னொரு தேநீர் கேட்டார்.

கடைக்காரம்மா தேநீர் வடிகட்டும் துணிப்பையை அலசிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீரில் வாய்ப்பக்கத்தைக் கவிழ்த்து அமுக்கினாள். பை பந்து மாதிரி உப்பியது. தட்டினாள். ஒரு பக்கம் அடங்கி இன்னொரு பக்கம் புடைத்துக்கொண்டது.

மாஸ்டர் அதையே பார்த்தார். பிறகு தன் சட்டைக் கை மடிப்பைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

நெருக்கமான துணி. கணுக்காலில் இறுக்கமான எலாஸ்டிக். உள்ளே போன காற்று எந்த வழியாக வெளியே வரும்?

கால் உப்பினால் கால் மேலே வரும். கால் மேலே வந்தால் தலை?

குவளையைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் நிற்கும் காவல்காரம்மா கையை நீட்டி மறித்தாள்.

"ஆம்பளைங்களுக்கு சாயங்காலம்."

"எலாஸ்டிக்கை வெட்டணும்மா. கால்ல இருக்கற எலாஸ்டிக்கை."

"யார் கால்ல?"

"எல்லார் கால்லயும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"கத்தரியை உள்ள வைங்க சார். மேயரோட உத்தரவு, ஆம்பளைங்க உள்ள போகக் கூடாது."

"அந்த மேயர் என் பொண்டாட்டிம்மா."

"அப்ப உங்களுக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் வந்தது. "அண்ணி."

மேயரின் குரல்தான். தொடர்ந்து தண்ணீர் தெறிக்கும் பெரிய சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

மாஸ்டரின் கையில் இருந்த டேப் நழுவித் தரையில் சுருண்டது. காவல்காரம்மாவின் முகமும் மாறிவிட்டது. அவள் உள்ளே ஓடினாள். மாஸ்டர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அக்கா கோபித்தாலும், திட்டினாலும், "காலை இறுக்கிக் கட்டாதேடா முட்டாள்" என்று சொல்லியிருப்பாள். மைக் முன்னால் கேட்காதவளை மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டு, மெஷின் முன்னால் அவரும் அதையேதான் செய்திருக்கிறார்.

உள்ளேயிருந்து என்னவோ ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் அழுகை என்றுதான் நினைத்தார்.

அது சிரிப்பு. ஒருத்தி தொடங்கி, இரண்டு பேராகி, குளமே சிரிக்கிற மாதிரி சுவர் முழுக்க எதிரொலித்தது. நடுவில் ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது, குறட்டையைப் போலவே ஊருக்கே கேட்கும் சிரிப்பு. அக்காவின் சிரிப்பு.

மாஸ்டர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

காவல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"டேப் அக்கா படியில இறங்கினாங்களா. இடுப்புத் தண்ணி வந்ததும் கால் ரெண்டும் பலூன் மாதிரி உப்பிடுச்சு. ஆள் அப்படியே மெத்தையில படுத்தாப்ல மிதக்கறாங்க. மேயரம்மா பின்னால நின்னவங்க, அண்ணி போயிட்டாங்கன்னு நினைச்சு, கோட்டைக்கூடக் கழட்டாம குதிச்சுட்டாங்க."

"குதிச்சாளா?"

"குதிச்சாங்க. அவங்களும் உப்பிட்டாங்க. ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு மிதக்கறாங்க. முங்கணும்னு நினைச்சாலும் முடியாது போல. சொல்லிக்குடுக்கற டீச்சர் கூடவே தண்ணிக்குள்ள நிக்கறாங்க. அவங்களாலயே விசில் ஊத முடியல, அவ்வளவு சிரிப்பு. இப்ப எல்லார் எலாஸ்டிக்கையும் முட்டிக்கு மேல ஏத்திவிட்டுட்டாங்க."

"மத்தவங்க?"

"இதைப் பார்த்தப்புறம் யார் கரையில நிப்பா? எல்லாரும் தண்ணியிலதான்."

மாஸ்டர் டேப்பைப் பொறுக்கி, தூசி தட்டி, பத்திரமாகச் சுற்றினார்.

நேரம் முடிந்து கூட்டம் வெளியே வந்தது. ஈரத் தலையும் சிவந்த கண்ணுமாக, ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்காமல் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். தலைக்குட்டையைக் கையில் பிழிந்தபடி ஒருத்தி நேராக எதிர்ப் பெஞ்சுக்குப் போனாள். பார்க்கிங் எழுந்து நின்றார்.

"நீ எங்க இங்க?"

"குளிச்சேன்" என்றாள் அவர் மனைவி. "நாளைக்கும் வருவேன். லாரிக்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க. வீட்ல சமைக்கலை, வெளியில ஏதாவது வாங்கிட்டு வாங்க."

பார்க்கிங் மாஸ்டரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"அளவு எடுத்தது எங்கக்கா. நான் வெறும் தையல்காரன்" என்றார் மாஸ்டர்.

பார்க்கிங் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

கடைசியாக வந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும். மேயர் நனைந்த கோட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தாளே தவிர, சாயவில்லை.

"உள்ள முட்டி இருக்கறதே தெரியலைடா" என்றாள் தம்பியிடம். "வெளிய வந்ததும் திரும்ப வந்து ஒட்டிக்கிச்சு. பரவாயில்லை, நாளைக்கு மறுபடி கழட்டி வச்சுடலாம்." உடனே குரலை மாற்றினாள். "கால்ல எலாஸ்டிக் வைக்கச் சொல்லி உனக்கு யார் சொன்னது?"

"நான் கேக்கலை."

"இந்த வீட்ல யாரும் யாரையும் கேக்கறதில்லை. எல்லா உடுப்பையும் வாங்கிக் கால் கையெல்லாம் பிரி. இன்னைக்கே."

"என்னுதுல மட்டும் இருக்கட்டும்ங்க" என்றாள் மேயர் மெதுவாக. "எனக்கு அதுதான் தைரியம்."

"அதெல்லாம் கிடையாது. நான் பிடிச்சுக்கறேன், நீ கத்துக்கோ" என்றாள் அக்கா.

மேயர் தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆட்டினாள்.

மாஸ்டர் டேப்பை நீட்டினார். அக்கா அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாகக் கோணிக் கிடந்த வீடு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாற்போல இருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்தா ஒரு பத்திரிகைக்காரர் ஓடி வந்து மேயரின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்ட வேண்டும்?

"குளத்துல ஜெயிச்சுட்டீங்க மேடம். அடுத்தது என்ன?"

மேயர் கூந்தலில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். மைக்கைப் பார்த்தாள். மாஸ்டருக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று கை காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"அடுத்த மாசம் ஊர் ஓட்டம்" என்றாள் மேயர். "ஆற்றங்கரைச் சாலையில அன்னைக்கு ஒரு வண்டி ஓடாது, மனுஷங்கதான் ஓடுவாங்க. நாள் பூரா உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஆண்கள் எல்லாரும் வரணும். தொந்தி விழுந்து குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாத என் வீட்டுக்காரரே முதல் ஆளா..."

மாஸ்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். நியாயம் கேட்கிற பார்வை.

அக்கா கழுத்திலிருந்த டேப்பை மறுபடி உருவினாள். தம்பியின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். முனைகள் சேரவில்லை.

"மூச்சை உள்ள இழுடா" என்றாள்.